அல்ஜியர்ஸ் நேரப்படி

ரமலான் பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் கம்பெனியில் பாதிப் பேர் பெனாவுதாவைச் சபித்துக்கொண்டிருந்தார்கள். நோன்போடு சபிக்கக் கூடாது என்பதால் நோன்பு திறந்த பிறகு சபித்தார்கள். சூப்பு ஆறிப்போன எரிச்சலும் அதில் சேர்ந்திருந்தது.

அவனும் நானும் அல்ஜியர்ஸில் ஒரு தொலைபேசிக் கம்பெனியின் கண்ட்ரோல் ரூமில் வேலை பார்க்கிறோம். நாடு முழுக்க நிற்கும் எங்கள் டவர் ஒவ்வொன்றிலும் ஒரு கணினி உண்டு. அதற்குள் ஏஜென்ட் என்று ஒரு நிரல் உட்கார்ந்திருக்கும். கரண்ட் இருக்கிறதா, பெட்டி சூடாகிவிட்டதா, லைன் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பதுதான் அதன் பிழைப்பு. ஏஜென்ட்டுக்குப் பிறவியில் தெரியாத சங்கதி ஏதாவது வேண்டுமென்றால் நாமே ஒரு ஸ்கிரிப்ட் எழுதி அதன் இடுப்பில் கட்டிவிட வேண்டும். எக்ஸ்டென்ஷன் என்போம். ஏஜென்ட் கேட்கும்போதெல்லாம் அது ஒரு எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான்.

பெனாவுதா கட்டிவிட்ட எக்ஸ்டென்ஷன், டவரில் இந்த நிமிடம் எத்தனை பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று எண்ணும். இந்த நேரத்துக்கு வழக்கமாக எத்தனை பேர் பேசுவார்கள் என்றும் பார்க்கும். ஆயிரம் பேர் பேச வேண்டிய நேரத்தில் ஒருவரும் பேசவில்லை என்றால், டவரில் விளக்கெல்லாம் எரிந்தாலும் அது செத்த டவர்தான். உடனே கூச்சல் போடும். பக்கத்து ஊர் ரிப்பேர் குழுவின் வண்டி கிளம்பும்.

இதில் ரமலான் மாதம் ஒரு தனிச் சிக்கல். சூரியன் மறைந்து மஃரிப் பாங்கு சொன்னதும் நாடே போனைக் கீழே வைத்துவிட்டுக் கரண்டியைக் கையில் எடுத்துவிடும். எல்லா டவரும் செத்தது போலவே தெரியும். அதனால் நோன்பு திறக்கும் வேளை முழுக்க நாடு பூராவுக்கும் அலாரத்தின் வாயைக் கட்டிவைப்பது எங்கள் பழைய வழக்கம். கிழக்குக் கோடியில் பாங்கு சொல்லும்போது கட்டுவோம், மேற்குக் கோடியில் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு அவிழ்ப்போம். இடையில் எந்த டவர் உண்மையிலேயே விழுந்தாலும் எங்களுக்குத் தெரியாது. தெரியவேண்டும் என்று யாரும் நினைக்கவும் இல்லை, எல்லாருக்கும் பசி.

போன ரமலானில் அந்த வேளையில்தான் பெனாவுதாவின் அப்பா இறந்தார். மேற்கு எல்லையில் மக்னியா அவன் ஊர். இங்கே நாங்கள் சூப்பில் இருந்தோம், அங்கே இன்னும் பாங்குகூடச் சொல்லவில்லை. அப்பா முற்றத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அம்மா ஆம்புலன்ஸுக்கு அடித்திருக்கிறாள், மகளுக்கு அடித்திருக்கிறாள், போகவில்லை. போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடிக்கும் வாசலுக்கும் ஓடியிருக்கிறாள். அந்தத் தெருவுக்கான டவர் எங்கள் டவர். அது விழுந்தது எங்கள் யாருக்கும் தெரியாது, அவன் உட்பட. அவன் அன்று ட்யூட்டியில் இருந்தான்.

இதை அவன் ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னான். பிறகு சொல்லவில்லை, எக்ஸ்டென்ஷன் எழுத உட்கார்ந்துவிட்டான். அவன் திட்டம் எளிமையானது. நாடு பூராவுக்கும் ஒரே வாய்ப்பூட்டு வேண்டாம். ஒவ்வொரு டவரும் தன் ஊர் சூரியன் எப்போது மறைகிறது என்று தானே கணக்குப் போட்டு, தன் ஊர் சாப்பிடும் நேரத்துக்கு மட்டும் சும்மா இருக்கட்டும். மற்ற நேரமெல்லாம் விழித்திருக்கட்டும். நல்ல யோசனை. ஆனால் முதல் நாள் மாலையே நாடு முழுக்க அலாரம் அலறியது. இரண்டாம் நாளும் அலறியது. திலிம்சானில் ரிப்பேர் குழுத் தலைவர் ஹாஜ் மிலூத் தினமும் வாயருகே கொண்டுபோன கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினார். போய்ப் பார்த்தால் டவர் கல்லுக்குண்டு மாதிரி நின்றது. பிறகு ஒரு மாலை அவருடைய வண்டி வளைவில் கவிழ்ந்து ஒருவனுக்குக் கை உடைந்தது.

எங்கள் மேலாளர் சி லக்தர் (சி என்றால் ஐயா மாதிரி) கெட்டவர் இல்லை, சண்டை வேண்டாம் என்று வாழ்கிற மனிதர். மறுநாள் காலை கை உடைந்த செய்தி வந்ததும் அவர் பெனாவுதாவைக் கூப்பிட்டு, நாளை மாலைவரைதான் பார்ப்பேன், நாளைக்கும் ஒரே ஒரு பொய் அலாரம் வந்தால் எக்ஸ்டென்ஷனைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழையபடி வாயைக் கட்டிவிடலாம் என்றார். பெனாவுதா சரி என்றான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

அன்று மாலை கண்ட்ரோல் ரூமில் நான் மட்டும்தான். அந்த வாரம் எனக்கு நோன்பு இல்லை. ஏன் என்று ஆண்கள் கேட்கமாட்டார்கள். ஆனால் கேட்காமலே பாங்கு நேர ட்யூட்டியை மட்டும் சரியாக என் தலையில் கட்டிவிடுவார்கள், அதற்குக் கூச்சமில்லை. எல்லாரும் கீழே கேன்டீனுக்கு இறங்கிப் போனார்கள். நான் சர்வர் அறையில் ஒளிந்து குடித்துக்கொண்டிருந்த காபியைத் தைரியமாக மேசைக்குக் கொண்டுவந்தேன்.

எதிரே ஒரு சுவர் முழுக்க நாட்டின் வரைபடம், டவருக்கு ஒரு புள்ளி. அந்த வேளையில் அந்தச் சுவரை இதற்கு முன் யாரும் பார்த்ததே இல்லை. இது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. பாங்கு சொல்லும்போது எங்கள் ஆட்கள் தட்டுக்கு முன்னால் இருப்பார்கள். திரும்பி வரும்போது எல்லாம் முடிந்து அலாரப் பட்டியல் மட்டும் நீளமாகக் கிடக்கும். பட்டியலைப் பார்த்தே ஒரு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம்.

நான் எக்ஸ்டென்ஷனின் தீர்ப்பை ஒதுக்கிவைத்துவிட்டு, அது எண்ணும் எண்ணை மட்டும் சுவரில் இருந்த வரைபடத்துக்கு அனுப்பினேன். பேச்சு அதிகம் இருக்கும் டவர் பளிச்சென்று எரியும், குறைந்தால் மங்கும். பாங்குக்கு முந்தைய நேரம், வடக்கே கடற்கரை முழுக்க ஜெகஜ்ஜோதியாக இருந்தது. தெற்கே பாலைவனத்தில் அங்கங்கே ஒரு புள்ளி. ரொட்டி வாங்கினாயா, எங்கே இருக்கிறாய், மிட்டாய்க்கடையில் இவ்வளவு கூட்டமா என்று நாடு முழுக்கக் கத்திக்கொண்டிருந்தது.

கிழக்கு ஓரத்தில் அல் காலா மங்கியது. முதலில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன். பிறகு அன்னாபா மங்கியது. பிறகு என் சொந்த ஊர் சூக் அஹ்ராஸ். அணைந்த மாதிரி இல்லை, ஆயிரம் பேர் ஒருவர் பின் ஒருவராக "சரி, வை" என்று சொன்ன மாதிரி அது அடங்கியது. என் அக்கா இப்போது பேரீச்சம்பழத்தின் கொட்டையைப் பிரித்துக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரிந்தது. கடலிலிருந்து மணல்வரை ஒரே நேர்கோடாக அந்த மங்கல் மேற்கே நகர்ந்தது. குயெல்மா, கொன்ஸ்தந்தீன், செத்தீஃப். மலை இருந்தால் அதற்காகக் கொஞ்சமும் வளையவில்லை. நான் காபியைக் கீழே வைத்தேன்.

அது சூரியன். வேறென்ன. நான் ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் ஒரு ஊரில் மறைவதை அல்ல, நாடு முழுக்க அது நடந்து போவதை. ஒளியை அளக்கும் கருவி எதுவும் எங்களிடம் கிடையாது. கோடிக்கணக்கான வாய்கள் நின்றுவிட்டதை வைத்தே அது எங்கே போகிறது என்று தெரிந்தது. ஏழையும் பணக்காரனும், தொழுகிறவனும் தொழாதவனும், சண்டை போட்டுக்கொண்டிருந்த புருஷனும் பெண்டாட்டியும் அந்தக் கோடு வந்ததும் வாயை மூடினார்கள். யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. பிறகு கிழக்கே அல் காலா மெதுவாகத் திரும்ப எரியத் தொடங்கியது, அம்மாவைக் கூப்பிடுகிறவர்கள், மாமியாரைக் கூப்பிடுகிறவர்கள். முன்னால் ஒரு கரை, பின்னால் ஒரு கரை, நடுவே ஒரு கிண்ணம் சூப்பு குடிக்கும் நேரம் எவ்வளவோ அவ்வளவு அகலத்துக்கு ஒரு மௌனம். அந்தப் பட்டை எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

நான் லேசில் அழுகிறவள் இல்லை, என்னைத் தெரிந்தவர்களைக் கேளுங்கள். அது அல்ஜியர்ஸ் மேல் வந்தபோது வெளியே பாங்கு கேட்டது. கீழே கேன்டீனில் நாற்காலிகள் இழுபடும் சத்தம் நின்றது. தெருவில் ஒரு வண்டி இல்லை. சுவரில் தலைநகரம் முழுக்க அடங்கியது. நான் எழுந்து நின்றுவிட்டேன். சுப்ஹானல்லாஹ் என்று சொன்னேன், அது போதவில்லை. கண் நிறைந்து வரைபடம் கலங்கிவிட்டது. இத்தனை வருடம் இந்த அறையில் உட்கார்ந்து சாப்பாட்டுக்காக இதை விட்டுவிட்டோமே என்று கோபமும் வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டதும் வேலை புத்தி திரும்பியது. மௌனம் ஒவ்வொரு ஊரைத் தொட்டபோதும் பக்கத்துத் திரையில் பெனாவுதாவின் அலாரம் சிவப்பாக விழுந்துகொண்டிருந்தது. ஆனால் அல்ஜியர்ஸில் ஒன்றுகூட விழவில்லை. நேர் தெற்கே லக்வாத்திலும் விழவில்லை. பட்டை மேற்கே ஷ்லெஃபைத் தாண்டி வஹ்ரானை நோக்கிப் போனதும் மறுபடி சிவப்பு. அப்படியென்றால் எக்ஸ்டென்ஷன் நாட்டில் எல்லா ஊருக்கும் ஒரே சூரியனைத்தான் வைத்திருந்தது, அதுவும் அல்ஜியர்ஸ் சூரியனை. டிவியில் தினமும் பாங்குக்கு முன் ஒருவர் குரலைக் கனைத்துக்கொண்டு "அல்ஜியர்ஸுக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும்" என்பாரே, அவரைத் தூக்கி ஒவ்வொரு டவரிலும் உட்கார வைத்தது போல.

மறுநாள் காலை பெனாவுதா வந்ததும் நான் விடவில்லை. தலைநகரத்துக்கு வந்து நாலு வருஷத்தில் உனக்கும் இந்தத் திமிர் ஒட்டிக்கொண்டதா என்று கேட்டேன்.

"லல்லா, என்னைப் பாத்தா கேக்குற?" என்றான். நான் அதட்டுவதால் என்னை லல்லா என்றுதான் கூப்பிடுவான், பெரிய வீட்டு அம்மாள் மாதிரி. "சின்ன வயசுல டிவியில நீங்கல்லாம் தின்னுட்டு ஏப்பம் விடுவீங்க. நாங்க மக்னியாவுல எச்சில முழுங்கிக்கிட்டு ஜன்னலப் பாத்துக்கிட்டு இருப்போம். நான் போய் அல்ஜியர்ஸ் நேரத்த வெப்பேனா?"

"நான் சூக் அஹ்ராஸ்காரி. நீங்க ஜன்னலப் பாக்குறப்ப எனக்குக் காபியே முடிஞ்சிருக்கும். என்கிட்ட அழாத, ஸ்கிரிப்டைக் காட்டு."

சூக் அஹ்ராஸ் டவருக்குள் நுழைந்து அவன் ஸ்கிரிப்டைக் கையால் ஓட்டிக் காட்டினான். சரியாகச் சொன்னது. ஊர் சூக் அஹ்ராஸ், சூரியன் மறைவது இன்ன நேரம். திலிம்சான், அதுவும் சரி. திந்தூஃப், அதுவும் சரி. பார்த்தாயா என்பது போல் என்னைப் பார்த்தான். இதைத்தான் அவன் ஒரு வாரமாகச் செய்துகொண்டிருந்தான். கையால் ஓட்டினால் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நடந்துகொள்ளும், மாலையானால் பைத்தியம் பிடிக்கும்.

நீ கேட்டால் சொல்லும், ஏஜென்ட் கேட்டால் என்ன சொல்கிறது என்றேன். ஏஜென்ட் வழியாக அதே டவரைக் கேட்டோம். சூக் அஹ்ராஸுக்கு அல்ஜியர்ஸ் நேரத்தைச் சொன்னது. ஒரே டவர், ஒரே ஸ்கிரிப்ட், கேட்பவர் மாறினால் பதில் மாறியது.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த இடத்தில் மூக்கு வியர்க்க வேண்டும், எங்களுக்கு மதியத் தொழுகை தாண்டும்வரை வியர்க்கவில்லை. அவன் உள்ளே நுழைவது வீட்டு எஜமானாக. எல்லா அறைச் சாவியும் அவனிடம். ஏஜென்ட் அந்த வீட்டில் வாசல் காவல்காரன், வேண்டுமென்றே அதற்குச் சாவி கொடுக்காமல் வைத்திருப்போம். டவர் எந்த ஊரில் நிற்கிறது என்ற விவரம் இருக்கும் கோப்பைப் பாதுகாப்புப் பிரிவு ரமலானுக்கு முன்னால் பூட்டியிருந்தது. எஜமான் போனால் திறக்கும், காவல்காரன் போனால் திறக்காது. திறக்கவில்லை என்று ஸ்கிரிப்ட் முனகியிருக்கத்தான் செய்தது. அந்த முனகல் எதுவும் வெளியே கேட்கக் கூடாது என்று பெனாவுதாவே குப்பைக்குத் திருப்பிவிட்டிருந்தான். நாங்கள் எல்லாருமே அப்படித்தான் செய்வோம், பார்க்கச் சுத்தமாக இருக்கும் என்று.

சரி, ஊர் தெரியவில்லை என்றால் ஸ்கிரிப்ட் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறாய் என்று கேட்டேன். அவன் அந்த வரிக்குப் போனான். ஊர் தெரியாவிட்டால் அல்ஜியர்ஸ் என்று வைத்துக்கொள். அவன் கையெழுத்தில் இருப்பது போல, அவ்வளவு அப்பட்டமாக அவன் எழுதிய வரி. அவன் அதை வாயசைத்துப் படித்தான், மறுபடி படித்தான்.

நான் கேலி செய்யத் தயாராகத்தான் இருந்தேன். செய்யவில்லை. யோசித்துப் பார்த்தால் நானும் அதையேதான் எழுதியிருப்பேன். இந்த நாட்டில் பள்ளிக்கூடத்திலிருந்து வங்கிவரை காலியாக விட்ட கட்டத்தில் அல்ஜியர்ஸ் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். வாழ்நாள் முழுக்க அதைத் திட்டிக்கொண்டே கை அதைத்தான் எழுதும். அல்ஜியர்ஸிலேயே உட்கார்ந்து சோதித்துப் பார்த்தால் அது எப்போதும் சரியாகவும் இருக்கும்.

"எங்கப்பாவுக்காக எழுதினது," என்றான்.

கோப்பைப் படிக்க மட்டும் ஏஜென்ட்டுக்கு அனுமதி வாங்கினோம். அந்த வரியை அழித்து, ஊர் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சத்தமாகச் சொல் என்று எழுதினான். முனகலை மறைக்கும் இடத்தையும் எடுத்துவிட்டான். எல்லா டவருக்கும் அனுப்பி முடித்தபோது நகரத்தில் கார் ஹாரன்கள் உச்சத்துக்குப் போயிருந்தன, எல்லாருக்கும் வீடு போய்ச் சேரும் அவசரம்.

அன்று பெனாவுதா கேன்டீனுக்குப் போகவில்லை. சி லக்தரும் போகவில்லை. கையில் ஒரு தட்டில் பேரீச்சம்பழமும் மூன்று கிண்ணம் மோரும் வைத்துக்கொண்டு வந்து, பார்க்கலாம் என்று என் பின்னால் நின்றார். நான் சுவரில் முந்தைய நாள் போலவே வெறும் எண்களைப் போட்டுவைத்தேன்.

அல் காலா அடங்கியது. அலாரம் இல்லை. அன்னாபா அடங்கியது, சூக் அஹ்ராஸ் அடங்கியது, திரை சுத்தமாக இருந்தது. கோடு நகரத் தொடங்கியதும் சி லக்தர் என்னவென்று கேட்க வாயைத் திறந்தார், கேட்காமலே மூடிக்கொண்டார். அவருக்குப் புரிந்துவிட்டது. தட்டைப் பிடித்திருந்த கை தாழ்ந்துகொண்டே போனது, ஒரு பழம் உருண்டு விழுந்ததைக்கூட அவர் பார்க்கவில்லை. நேற்று நான் நின்ற மாதிரியே நின்றார். எனக்கு அவரை அப்போது மிகவும் பிடித்திருந்தது.

கோடு கொன்ஸ்தந்தீனைத் தொட்டபோது சிவப்பு விழுந்தது. கிழக்கே இல்லை. மேற்குக் கோடியில், திலிம்சானுக்குத் தெற்கே புல்வெளிக்குள் ஐன் ஸர்கா என்று ஒரு சிற்றூர், அங்கே இருக்கும் ஒரே டவர்.

சி லக்தர் பெருமூச்சு விட்டார். ஒன்று வந்துவிட்டதே பெனாவுதா, போதும், கழற்றிவிடு என்று அன்பாகவே சொன்னார். பெனாவுதா எதிர்த்துப் பேசவில்லை. எக்ஸ்டென்ஷன் மேலிருந்த நம்பிக்கை அவனுக்கே போய்விட்டது. ஏஜென்ட் வழக்கமாகச் சொல்லும் சங்கதிகளில் ஐன் ஸர்கா எல்லாம் நலம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. கணினி ஓடுகிறது, லைன் இருக்கிறது. எக்ஸ்டென்ஷன் மட்டும்தான் பேச்சு பூஜ்யம் என்றது. அவன் கை விசைப்பலகைக்குப் போனது.

நான் அந்தக் கையைப் பிடித்தேன். ஒரு ஆணின் கையை, நோன்பு நேரத்தில், மேலாளர் முன்னால். பிடித்தபடியே மறுகையால் திலிம்சானுக்கு அடித்தேன்.

ஹாஜ் மிலூத் ஊர் பெயரைக் கேட்டதுமே முடியாது என்றார். "மகளே, நேத்தும் ஓடினேன், முந்தா நாளும் ஓடினேன். என் ஆளு கட்டுப் போட்டுக் கெடக்கான். புலி வருது புலி வருதுன்னு எத்தன நாளைக்கு?"

"ஹாஜ், ஜன்னல்கிட்ட போங்க. சூரியன் தெரியுதா?"

"தெரியுது. அது பாட்டுக்கு இருக்கு."

"பாங்கு சொல்லிட்டாங்களா?"

"இன்னும் நேரம் கெடக்கு. அவசரமெல்லாம் உங்க அல்ஜியர்ஸுக்குத்தான்."

"அப்ப ஐன் ஸர்கா ஏன் வாய மூடிக்கிச்சு? பாங்குக்கு முன்னாடி இந்த நாட்டுல எந்த ஊராச்சும் பேசாம இருந்து பாத்திருக்கீங்களா? ரொட்டி வாங்குனியா, எங்க தொலைஞ்சேன்னு ஒரு பொம்பளகூடவா புருஷனக் கூப்பிடல?"

பிறகு அவர், "என் வீட்டுக்காரியே இப்பத்தான் மூணாவது தடவ கூப்பிட்டா," என்றார். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மெதுவாகப் போங்கள், வளைவில் நிதானம் என்று நான் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

சி லக்தர் என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். நாட்டின் மேற்குப் பாதி முழுக்க இன்னும் கத்திப் பேசிக்கொண்டிருந்தது. அந்தக் கூச்சலின் நடுவே, கோட்டுக்கு வெகுதூரம் முன்னால், ஒரே ஒரு ஊர் மட்டும் மௌனமாக இருந்தது. அந்த மௌனம் சூரியனுடையது அல்ல. பார்த்தாலே தெரிந்தது. அவர் கழற்றச் சொல்லி மறுபடி சொல்லவில்லை.

கோடு எங்கள் மேல் வந்தது, பாங்கு சொன்னார்கள். சி லக்தர் தட்டை நீட்டினார். பெனாவுதா ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டு கண்ணைச் சுவரிலிருந்து எடுக்காமல் மென்றான். மோர் அப்படியே இருந்தது. ஷ்லெஃப் அடங்கியது, கிலிஸான் அடங்கியது. எங்கும் அலாரம் இல்லை. ஒவ்வொரு டவரும் தன் ஊர் சூரியனோடு சரியாகப் போய் அடங்கியது. அதை நினைத்துச் சந்தோஷப்பட எங்களில் யாருக்கும் தெம்பில்லை. மிலூத்தைக் கூப்பிட்டுப் பார்த்தோம், கிடைக்கவில்லை. செத்த டவரின் எல்லைக்குள் போய்விட்டார் போலும்.

வஹ்ரான் அடங்கியது. திலிம்சான் அடங்கியது. அதோடு மக்னியாவும் அடங்கியது, பெனாவுதா அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். மௌனப் பட்டை ஐன் ஸர்காவின் மேல் ஏறி நின்றது. இப்போது சுற்றியிருக்கும் எல்லா ஊரும் அதைப் போலவே இருந்தன. நல்ல டவர் எது, கெட்ட டவர் எது என்று யாராலும் சொல்ல முடியாது. போன வருடம் எங்கள் எல்லாருக்கும் நாடே இப்படித்தான் தெரிந்தது.

அப்போது ஐன் ஸர்கா டவரில் போன்களோடு பேசும் ரேடியோ எழுந்தது. மிலூத் பிரேக்கரைத் தூக்கிவிட்டிருக்கிறார். விழுந்தது ரேடியோவுக்குக் கரண்ட் தரும் பிரேக்கர் மட்டும், கணினி தன் தனி இணைப்பில் ஓடிக்கொண்டு எல்லாம் நலம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அந்த நிமிடம் சுவரில் தெரிந்தது ஒரு எண் மட்டும்தான். பூஜ்யம். டவர் பிழைத்துவிட்டது, ஊர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் என்று சி லக்தர் மோர்க் கிண்ணத்தை எடுத்தார்.

பூஜ்யம் ஒன்றாயிற்று.

வடக்கே கடல்வரை, தெற்கே மணல்வரை எல்லா ஊரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்த மௌனத்தின் நடுவில் ஒரே ஒரு அழைப்பு. யார், யாரைக் கூப்பிடுகிறார்கள், எதற்கு, எங்களுக்குத் தெரியாது. அதைப் பார்க்க எங்களுக்கு உரிமையும் இல்லை. வெறும் வாழ்த்தாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எக்ஸ்டென்ஷன் ஒரு அழைப்பை எண்ண வேண்டுமென்றால் அது மறுமுனையில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், அடித்துக்கொண்டே இருந்தால் எண்ணாது. பெனாவுதா அதை அப்படித்தான் எழுதியிருந்தான். அந்த ஒன்று குறையாமல் நின்றது.

அவன் சுவருக்குப் பக்கத்தில் போனான். எண் கண்ணுக்கு நேராக வரும்வரை போனான்.

"எடுத்துட்டாங்க, லல்லா," என்றான். "அந்தப் பக்கம் யாரோ எடுத்துட்டாங்க."